வந்துசேர்ந்த துறை

சோளகம் தொடங்கிய கிழமை
மூன்று கடல்மைல் தள்ளி
இயந்திரம் செத்து நங்கூரம் போட்டிருந்தது
சீமெந்துக் கல் ஏற்றிய சின்னக் கப்பல்.
மஞ்சள் கொடி ஒன்று பறந்தது.
உள்ளே வர அனுமதி கேட்கும் கொடி அது.
முல்லைத்தீவுக் கரையில் எவருக்கும் அது தெரியாது.
கொடியேத்தம் என்றான் ஒரு பொடியன்.

கச்சேரியில் என்னைக் கூப்பிட்டார்கள்.
திருகோணமலையில் ஒரு கப்பல் முகவரிடம்
இரண்டு வருசம் எழுதுவினைஞனாய் இருந்தவன்
இந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான்.
"அப்ப உமக்குத் தெரியும்தானே"
என்று கோப்பைத் தள்ளினார் மேலதிகாரி,
பல்லுவலி நின்ற ஆளைப் போல.

சூசைதாசனின் வள்ளத்தில் போனேன்.
வழி முழுக்க அவருக்கு ஒரே கதை:
"நங்கூரம் விழுந்தது என்ர வலைக்கு மேல.
அதையும் உந்தக் கடதாசியில எழுதும்."
அதுக்குக் கட்டம் இல்லை, அண்ணை.
"அப்ப ஓரத்தில எழுதும்."

கயிற்றேணி ஆடியது.
வலது செருப்பைக் கடல் எடுத்துக்கொண்டது.
ஒற்றைச் செருப்போடு அரசாங்கம் கப்பலேறியது.

கப்டன் நிதால், லத்தாக்கியாக்காரர்.
சீனி கூடிய தேநீர் தந்தார்.
எங்கள் இருவருக்கும் சேர்த்து
அறுபது ஆங்கிலச் சொற்கள் இருந்தன.

மாலுமிகள்: பதினொருவர்.
கடைசியாய்த் தொட்ட துறைகளை விரல்விட்டுச் சொன்னார்:
பெர்பெரா, சலாலா, கராச்சி,
பிறகு மறந்துபோய்த் திரும்பவும் பெர்பெரா.
எலி உண்டா?
இல்லை என்றார்.
அலமாரிக்குப் பின்னால் ஏதோ ஓடியது.
இருவரும் கேட்டோம்.
இல்லை என்றே எழுதினேன்.
ஒளித்து ஏறியவர்கள்? இல்லை.
பயணத்தில் எவரேனும் இறந்தாரா?
இல்லை, இல்லை,
மரமேசையைத் தட்டினார் மூன்று தரம்.

வந்துசேர்ந்த துறை:
ஐந்தெழுத்துக் குறியீடு, ஐந்து கட்டம்.
கையிலிருந்த பட்டியலில் காலி இருந்தது, காங்கேசன்துறை இருந்தது.
தாளைத் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம் வெள்ளை.

"இங்கே முன்பு கப்பல் வந்ததில்லையா?"

வந்தது.
மாத்தளன் கரையில் நாங்கள் கிடந்த மாசியில்.
அதுவும் இப்படித்தான் வெளியே நின்றது,
கரைக்கு வர ஆழம் காணாது.
காயக்காரரை வள்ளங்களில் ஏற்றினார்கள்.
அதற்கும் ஒரு படிவம்:
பெயர், வயது, காயம் எங்கே,
கூடப் போகிறவர் ஒருவர்.
தங்கச்சியோடு அம்மா போனார்.
பெயர் வாசித்தவன் நெஞ்சளவு தண்ணீரில் நின்று
கடதாசியைத் தலைக்கு மேலே பிடித்திருந்தான்.
அவன் நனைந்தான், அது நனையவில்லை.
புறப்பட்ட துறை என்று
அவன் என்ன எழுதியிருப்பான்?

அறுபது சொல்லில் அது அடங்காது.
"ஒருதரம்" என்றேன்.
கப்டன் தலையாட்டினார்,
இன்னொரு கரண்டி சீனி போட்டார்.

பிறகு தமிழிலேயே எழுதினேன்.
முல்லைத்தீவு ஆறெழுத்து.
கடைசி வு
கட்டத்துக்கு வெளியே நின்றது.

பையில் இருந்தது காணிப் பிரிவின் முத்திரை.
அதையே குத்தினேன்.
கடல்தானே, எவரும் உறுதி கேட்கப்போவதில்லை.
மஞ்சள் கொடி இறங்கியது.

வலைக்கு ஈடாகக் கப்டன் கொடுத்தது
நான்கு ரின்மீன்.
சூசைதாசன் ஒன்றைத் தூக்கி
வெயிலுக்குப் பிடித்துக் கேட்டார்,
"இது எந்தக் கடல்ப் பிள்ளை?"
சிலி என்று போட்டிருந்தது.

கப்பல் சாமானைத் தீர்வை கட்டாமல்
கரைக்கு இறக்கப்படாது.
சட்டம் அது, சொன்னேன்.
அவர் இயந்திரத்தை நிறுத்தினார்.
அறுந்த வலையை இழுத்து
ரின்களுக்கு மேல் போட்டார்.
என் வெறுங்காலைப் பார்த்தார்.

"ஆரும் கேட்டா
வலை எண்டு எழுதும்."